ஏற்காட்டுத் தோட்டத்தை விற்றுக் கனடாவில் படிக்கலாமா?

கேள்வி:

அக்கா, வணக்கம். எனக்கு 34 வயது. சொந்த ஊர் சேலம் அம்மாப்பேட்டை. எம்.காம். முடித்துவிட்டு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் ஒன்பது வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். டேலி, ஜி.எஸ்.டி., அறுபது பேருக்குச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் கணவர் மூலமாக எல்லோருக்கும் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) கிடைத்து, மகளோடு கனடாவில் பிராம்ப்டனுக்கு வந்தோம். பாப்பாவுக்கு இப்போது நான்கு வயது. அவருக்கு ஐ.டி.யில் கான்ட்ராக்ட் வேலை, மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். நான் ஏஜென்சி மூலமாக ஒரு வேர்ஹவுஸில் மணிக்கு 19 டாலருக்குப் பெட்டி அடுக்குகிறேன். எத்தனையோ ஆபீஸுக்கு விண்ணப்பம் போட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை. தோழி ஒருத்தி டென்டல் ஹைஜீனிஸ்ட் (கிளினிக்கில் பல் சுத்தம் செய்கிறவர்) படித்தால் நல்ல சம்பளம் என்கிறாள். தனியார் கல்லூரியில் 18 மாதம், ஃபீஸ் 48,000 டாலர், நம் காசுக்கு முப்பது லட்சம். அப்பா ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிற இரண்டு ஏக்கர் காபித் தோட்டத்தை விற்றுத் தருகிறேன் என்கிறார். ரிசார்ட் கட்ட ஒருவர் கேட்டு வந்திருக்கிறார், அட்வான்ஸ் கையில் வைத்திருக்கிறாராம். தம்பி கோவையில் வேலையில் இருக்கிறான். மாமியார் போன் பண்ணும்போதெல்லாம், "எம்.காம். படிச்சது குடோன்ல பெட்டி தூக்கறதுக்கா?" என்கிறார். கல்லூரியில் மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

தங்கச்சி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசிக்குள் எதையும் கட்டாதீர்கள். அப்பாவும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம். சீட் போய்விடும் என்று அவசரப்படுத்துகிற கல்லூரியில் அடுத்த பேட்சிலும் சீட் இருக்கும், அதை நம்புங்கள். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், நீங்கள் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் தனியார் தொழிற்கல்லூரியோடு போட்ட ஒப்பந்தத்தை, அதன் நகல் கைக்கு வந்த இரண்டு நாளைக்குள் எழுத்தில் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். அதற்கு அப்புறம் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இப்போது நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் 48,000 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஃபீஸ் மட்டும். முழுநேரப் படிப்பு என்றால் வேர்ஹவுஸ் சம்பளம் நின்றுவிடும் இல்லையா, அதை எங்கேயும் எழுதக் காணோம். மணிக்கு 19, வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வைத்தால் 760 டாலர், 18 மாதத்தில் 78 வாரம், மொத்தம் 59,000 சொச்சம். சி.பி.பி. (ஓய்வூதியப் பிடித்தம்), இ.ஐ. (வேலையிழப்புக் காப்பீடு), வரி எல்லாம் போகக் கைக்கு 49,000 வரும். ஆக படிப்பின் விலை 48,000 இல்லை, கிட்டத்தட்ட 97,000 டாலர். நம் காசுக்கு அறுபது லட்சம். அப்பா தோட்டத்தை விற்றுத் தருவது அதில் பாதிக்குத்தான் காணும், மீதிப் பாதி உங்கள் வீட்டு வாடகையிலிருந்தும் மளிகையிலிருந்தும் போகும். வருமானம் குறைந்தால் குழந்தைக்கு அரசாங்கம் தரும் சைல்டு பெனிஃபிட் ஏறும், உண்மைதான். ஆனால் அது முந்தைய வருட வருமானத்தை வைத்து ஜூலையில்தான் மாறும். இன்றைக்கு வேலையை விட்டால் நாளைக்கே ஏறாது.

இதில் கணவரின் மார்ச் மாத கான்ட்ராக்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். அவர் தன் பேரில் கம்பெனி பதிவு செய்து அதன் வழியாக பில் போடுகிறாரா, இல்லை சம்பளக்காரரா என்று எழுதவில்லை. சொந்தக் கம்பெனி வழியாக என்றால், வேலை போனால் பொதுவாக அவருக்கு இ.ஐ. கிடைக்காது. நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அந்த கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாவிட்டால் வீட்டில் ஒரு வருமானம்கூட இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே மார்ச் தாண்டும்வரை வேலையை விடுகிற பேச்சை எடுக்காதீர்கள்.

டென்டல் ஹைஜீனிஸ்ட் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்டாரியோவில் மணிக்கு 40 டாலருக்கு மேல் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். 2024இல் மத்திய அரசின் பல் சிகிச்சைத் திட்டம் தொடங்கியதிலிருந்து கிளினிக்குகளில் கூட்டமும் கூடியிருக்கிறது. சம்பளத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் கீழே சொல்லப்போகிற வழியைவிட அது மேல்தான், அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் மூன்று விஷயம் இருக்கிறது. நீங்கள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் எடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். பயாலஜி, கெமிஸ்ட்ரி இல்லாமல் அந்தப் படிப்பில் உள்ளே நுழைவதே கஷ்டம். அவற்றை முதலில் முடிக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் கல்லூரியே ஒரு தயாரிப்பு வகுப்பு நடத்தி அதற்குத் தனியாகக் காசு வாங்கும். அந்த 18 மாதத்தில் இது அடக்கமா என்று கேளுங்கள். இரண்டாவது, படித்து முடித்ததும் வேலை இல்லை. தேசியத் தேர்வு எழுதி, மாகாண ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்து, அப்புறம்தான் ஒருவர் வாயில் கை வைக்கலாம். கல்லூரிக்கு கனடா பல் மருத்துவ அங்கீகார ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த ஆணையத்தின் பட்டியலிலேயே பாருங்கள், கல்லூரி ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல பேர் இரண்டு மூன்று கிளினிக்கில் நாள் கணக்கில் வேலை பார்க்கிறவர்கள், அவர்களுக்கு இன்ஷூரன்ஸோ சம்பளத்தோடு லீவோ கிடைக்காமல் போகலாம், இதையும் தோழியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். "தோழி சொல்கிறாள்", "மாமியார் சொல்கிறார்", "அப்பா சொல்கிறார்". எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் அறுபது பேர் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. "எல்லாம் நான்தான்" என்று எழுதிய இடத்தில் ஒரு மிடுக்கு இருக்கிறது. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வேர்ஹவுஸ் ஏஜென்சி தருகிற சம்பளச் சீட்டு ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் என்ன என்ன இருக்கிறது? மொத்தச் சம்பளம், சி.பி.பி. பிடித்தம், இ.ஐ. பிடித்தம், வருமான வரி, வெகேஷன் பே (விடுமுறைச் சம்பளம்). இதில் எது உங்களுக்குப் புதுசு? சி.பி.பி. என்பது நம் பி.எஃப். மாதிரி ஒரு ஓய்வூதியப் பிடித்தம். இங்கே தொழிலாளி 12 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்றால், அங்கேயும் தொழிலாளி எவ்வளவோ முதலாளியும் அவ்வளவு. நம் இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி 0.75, முதலாளி 3.25. அங்கே இ.ஐ. என்பது வேலை போனால் கிடைக்கிற காப்பீடு, அதில் தொழிலாளி கட்டுவதைப் போல 1.4 மடங்கு முதலாளி கட்ட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் மாதா மாதம் 15ஆம் தேதிக்குள் பி.எஃப். சலான் கட்ட அடித்துப் பிடித்து உட்கார்ந்திருப்பீர்கள். அங்கேயும் மாதாமாதம் கட்டுகிற சாதாரண நிறுவனத்துக்குப் பிடித்தம் செய்ததை அரசாங்கத்துக்குக் கட்ட அடுத்த மாதம் 15தான் கடைசி. ஃபார்ம் 16க்கு அங்கே டி4 என்று பேர், பிப்ரவரி கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஓவர்டைம் ஒன்டாரியோவில் வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, வெகேஷன் பே முதல் ஐந்து வருடத்துக்குக் குறைந்தது 4 சதவீதம். உங்கள் சீட்டில் அந்த 4 சதவீதம் ஒழுங்காக விழுகிறதா என்று இன்று ராத்திரி நீங்களே போட்டுப் பாருங்கள். தப்பு இருந்து அதைக் கண்டுபிடித்தால் நீங்கள் பாதி பேரோல் கிளார்க் (சம்பளக் கணக்கு போடுகிறவர்) ஆகிவிட்டீர்கள்.

ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். ஒன்டாரியோவில் எச்.எஸ்.டி. 13 சதவீதம், இன்புட் கிரெடிட் எடுக்கிற முறை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். நம்மூர் ஜி.எஸ்.டி. போர்ட்டலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு வேறு எந்த ஊர் வரியும் பெரிதாகப் பயம் காட்டாது.

அதனால் நான் சொல்கிற வழி பேரோல். கனடாவில் நேஷனல் பேரோல் இன்ஸ்டிடியூட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 2022 வரை கனடியன் பேரோல் அசோசியேஷன் என்று பேர். அவர்கள் தருகிற பி.சி.பி. என்கிற தகுதி, அதாவது பேரோல் கம்ப்ளையன்ஸ் புரொஃபெஷனல், வேலை விளம்பரங்களில் அடிக்கடி கேட்கப்படுவது. நான்கு பாடம்: சம்பளச் சட்டம், பேரோல் அடிப்படை ஒன்று, இரண்டு, அப்புறம் அறிமுக அக்கவுண்டிங். அந்த நான்காவதுக்கு உங்கள் எம்.காம்.-ஐக் காட்டி விலக்குக் கேட்டுப் பார்க்கலாம். இதோடு ஒரு வருட பேரோல் வேலை அனுபவமும் வேண்டும், ஆனால் பாடங்களை முடித்தாலே ஆரம்பநிலை வேலைக்கு விண்ணப்பிக்கலாம். முக்கியமானது என்னவென்றால் இதை ஆன்லைனிலோ, கல்லூரிகளின் மாலை வகுப்பிலோ வேலையை விடாமல் படிக்கலாம். ஒரு பாடத்துக்குச் சில நூறு டாலர். அந்த 48,000 எங்கே, இது எங்கே. சம்பளம் மணிக்கு 25 வாக்கில் ஆரம்பிக்கும். ஹைஜீனிஸ்ட் அளவு இல்லை. ஆனால் 97,000 டாலரைத் தொலைக்காமல் ஆரம்பிக்கிறீர்கள், சி.பி.ஏ. (நம்மூர் சி.ஏ. மாதிரி) பக்கம் போக வேண்டுமென்றால் அதற்கும் இங்கிருந்து வழி இருக்கிறது.

"விண்ணப்பம் போட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை" என்கிறீர்கள். எப்படிப்பட்ட விண்ணப்பம் என்று யோசியுங்கள். டேலி, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி, இ.சி.ஆர். என்று எழுதியிருந்தால் பிராம்ப்டனில் அதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. குவிக்புக்ஸ் ஆன்லைன் என்கிற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொண்டு அதன் சான்றிதழை வாங்குங்கள், அதற்கு ஒரு பைசா கிடையாது, பாடமும் பரீட்சையும் அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். டேலி தெரிந்த கைக்கு அது சில வாரத்தில் வந்துவிடும். விண்ணப்பத்தில் "அறுபது பேருக்கு மாதச் சம்பளம், சட்டப்படியான பிடித்தம், மாதாந்திரக் கட்டணம், ஆண்டுப் படிவம்" என்று வேலையை எழுதுங்கள், நம்மூர்ப் படிவத்தின் பேரை எழுதாதீர்கள்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கனடா வருமான வரித் துறை, குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் தொண்டர் திட்டம் ஒன்று வைத்திருக்கிறது. நூலகம், சமூக மையம் போன்ற இடங்களில் பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை நடக்கும். தொண்டராகச் சேருகிறவர்களுக்கு அவர்களே பயிற்சி தருவார்கள். சம்பளம் இல்லை, சனி ஞாயிறு போனால் போதும். ஆனால் ஒரு சீசன் உட்கார்ந்து எழுந்தால், விண்ணப்பத்தில் கனடா அனுபவம் என்று எழுத ஒரு வரி கிடைக்கும், உங்களைத் தெரியும் என்று சொல்ல ஒரு மேலாளரும் கிடைப்பார். அந்த ஊரில் அந்த "தெரியும்" இல்லாமல் ஒன்றும் நகராது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் பொது விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று கேட்கக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. விளம்பரத்தில் கேட்கக்கூடாது, அவ்வளவுதான். மனதுக்குள் கேட்பதை எந்தச் சட்டம் தடுக்கும்?

அப்புறம் உங்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சியையே கவனியுங்கள். ஏஜென்சி ஆட்களுக்கு வாராவாரம் யார் சம்பளம் போடுகிறார்கள்? அந்த ஏஜென்சியின் ஆபீஸ்தான். நூற்றுக்கணக்கான ஆள், ஷிஃப்ட் கணக்கு, ஓவர்டைம், பாதி வாரத்தில் நின்றவர்கள் கணக்கு என்று அங்கே பேரோல் மேசையில் வேலை குவிந்து கிடக்கும். ஷிஃப்ட்டில் நிற்கிற ஒருத்தி பேரோல் படிக்கிறாள் என்று தெரிந்தால் ஒரு கண் வைப்பார்கள். உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லி வையுங்கள். கூச்சப்படாதீர்கள்.

மாமியார் பேச்சுக்கு ஒரு பதில்: கடையில் தராசு பிடித்துப் பின்னால் கல்லாவில் உட்கார்ந்த ஆட்கள் செவ்வாய்ப்பேட்டை முழுக்க இருக்கிறார்கள், அவருக்கே நாலு பேரைத் தெரிந்திருக்கும். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இங்கிலீஷ் போனில் பேசப் பயம் என்றால் (கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் எனக்கு எழுதுகிற பாதிப் பேருக்கு அதுதான்), பி.ஆர். வைத்திருப்பவர்களுக்கு மத்திய அரசின் லிங்க் என்கிற ஆங்கில வகுப்பு இலவசம், மாலையிலும் ஆன்லைனிலும் உண்டு. குடியுரிமை வாங்கிவிட்டால் அதில் சேர முடியாது, அதனால் இப்போதே போய்விடுங்கள். புதிதாக வந்தவர்களுக்கான சேவை மையங்களில் வேலை ஆலோசகரும் இலவசம். வெளிநாட்டுப் படிப்புக்காரர்களுக்காக பிரிட்ஜிங் வகுப்புகள் நடக்கின்றன, அக்கவுண்டிங்குக்கு எது நடக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து என்பதற்கு வருகிறேன். நான் சொன்ன வழிக்குப் பெரிய பணம் வேண்டாம், ஆனாலும் நாளைக்கே மனசு மாறிப் பெரிய படிப்புக்குப் போனாலும் முதலில் அங்கே இருக்கிற காசைத்தான் தொட வேண்டும், ஏற்காட்டுக் காசைத் தொடக் கூடாது.

நீங்கள் பி.ஆர். என்பதால் உள்ளூர் மாணவருக்கான ஃபீஸ்தான், அரசுக் கல்லூரியில் அது வெளிநாட்டு மாணவர் கட்டுவதில் ஒரு பகுதிதான். ஒன்டாரியோவில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டீர்கள் என்பதால் ஓசாப் என்கிற மாணவர் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். அதில் மானியம் குறைவாகவும் கடன் அதிகமாகவும் வரும் என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். கடனில் மத்திய அரசுப் பங்குக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டியே கிடையாது, மாகாணப் பங்குக்கு உண்டு. படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும், வருமானம் குறைவாக இருந்தால் தவணையைக் குறைக்கவோ நிறுத்தவோ திட்டம் இருக்கிறது. நம்மூர்க் கல்விக் கடனைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு இது வேறு ரகம்.

கணவர் ஆர்.ஆர்.எஸ்.பி. என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் ஏதாவது போட்டு வைத்திருந்தால், உங்கள் முழுநேரப் படிப்புக்காக அதிலிருந்து வருடத்துக்கு 10,000, மொத்தம் 20,000 டாலர் வரை வரியில்லாமல் எடுக்கலாம், பத்து வருடத்தில் திருப்பிப் போட்டால் போதும். பகுதிநேரத்துக்கு இது பொதுவாகப் பொருந்தாது. வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதித் தேர்வுக்கும் பயிற்சிக்கும் கடன் தருகிற விண்ட்மில் என்கிற தொண்டு நிறுவனம் இருக்கிறது, 15,000 டாலர் அளவுக்குத் தருகிறார்கள், அங்கே கடன் வரலாறு இல்லாதவர்களையும் பார்க்கிறார்கள். வரி ரிட்டர்ன் ஒழுங்காகப் போட்டு, வருடத்தில் குறிப்பிட்ட அளவு சம்பாதித்தவர்களுக்குப் பயிற்சிக் கிரெடிட் என்று வருடத்துக்கு 250 டாலர் சேர்ந்துகொண்டே வரும், தகுதியுள்ள கல்லூரியில் கட்டிய ஃபீஸில் பாதிவரை அதிலிருந்து திரும்ப வாங்கலாம். பெரிய காசில்லைதான், ஆனாலும் பேரோல் பாடம் ஒன்றில் ஒரு பகுதி வந்துவிடும். வரி மதிப்பீட்டு நோட்டீஸில் அந்த எண் அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. படிக்கப் போகிறேன் என்று நீங்களாக வேலையை விட்டால் பொதுவாக இ.ஐ. கிடைக்காது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்களுக்குப் படிப்புச் செலவைத் தருகிற பெட்டர் ஜாப்ஸ் ஒன்டாரியோ என்று ஒரு திட்டம் இருக்கிறது, அதற்கும் நீங்கள் எப்படி வேலையை விட்டீர்கள் என்பது முக்கியம். ஏஜென்சி வேலை எப்போது வேண்டுமானாலும் நிற்கும். நின்றால், அன்றைக்கே எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ ஆபீஸுக்குப் போய்ப் பேசுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

இனி தோட்டம்.

நாகலூரில் இரண்டு ஏக்கர் என்றால் நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, கீழே அராபிகா என்று இருக்கும் என நினைக்கிறேன். ரிசார்ட்காரர் அதற்கு விலை சொல்வது காபிக்காக இல்லை, காட்சிக்காக. அந்த விலை இன்றைக்கு நல்ல விலையாகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்கு ஒரு சட்டம் தெரியுமா? வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலமோ, தோட்ட நிலமோ, பண்ணை வீடோ இந்தியாவில் விலை கொடுத்து வாங்க முடியாது. ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அப்பாவிடமிருந்து வாரிசாக வரலாம், அதற்குத் தடையில்லை. ஆக இந்தத் தோட்டம் உங்கள் கைக்கு வர ஒரே வழி அது வாரிசாக வருவதுதான். விற்றுவிட்டால் நாளைக்கு நீங்கள் எத்தனை டாலர் சம்பாதித்தாலும், அங்கே குடியிருக்கும்வரை மலையில் அதே மாதிரி ஒரு தோட்டத்தை உங்கள் பேரில் வாங்க முடியாது. வீட்டு மனையாகப் பிரித்துப் போட்ட இடம் வேண்டுமானால் வாங்கலாம், அது வேறு.

அப்பாவுக்கு அதிலிருந்து வருகிற வருமானத்தையும் கேட்டீர்களா? காபிப் பழம் எடுப்பது குளிர் மாதங்களில், அதை ஒட்டி மிளகு. விலை ஏறி இறங்கும், கூலி ஆள் கிடைப்பது கஷ்டம், காட்டு மாடு வந்து மிதிக்கும், அதெல்லாம் இருக்கிறது. இருந்தாலும் ஓய்வுக் காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை கையில் காசு வருகிற அந்த வழியை மகள் படிப்புக்காக மூடிவிட்டால், அப்புறம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியது யார்? படித்து முடித்துக் கடன் இல்லாமல் இருக்கப்போகிற நீங்கள்தான். அது இன்னொரு மாதத் தவணை, பத்திரத்தில் எழுதாத தவணை.

தம்பி உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறார். அவரிடம் யாராவது கேட்டீர்களா? தோட்டம் அப்பா தானே சம்பாதித்து வாங்கியதா, தாத்தா வழி வந்ததா? தாத்தா வழிச் சொத்து என்றால் அது அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிற விஷயமாக இல்லாமல் போகலாம், தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். அப்பாவே வாங்கியதாக இருந்தாலும், அக்கா படிப்புக்காகத் தோட்டம் போனது என்பது கோவையில் இருக்கிறவர் மனதில் எப்படி உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாததா? சேலத்தில் என்னிடம் வருகிற சொத்துத் தகராறுகளில் பணம் போனதால் வந்ததைவிடக் கேட்காமல் போனதால் வந்தது அதிகம். அட்வான்ஸ் விஷயத்தில் நான் இவ்வளவு அவசரப்படுவதும் இதனால்தான். அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கிவிட்டால், அப்புறம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்க முடியாது. வாங்குகிறவர் கோர்ட்டுக்குப் போய், ஒப்பந்தப்படி கிரயம் செய்துகொடு என்று கேட்கலாம்.

இதையெல்லாம் தாண்டி விற்றாலும், முப்பது லட்சத்தை அப்பா ஒரே தடவையில் உங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பினால், ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் போகிற இருபது லட்சத்துக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்கிற முன்வரி பிடிக்கும். நான்கு லட்சம். அது போய்விடாது, அப்பா ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் பல மாதம் அங்கே முடங்கும். படிப்புச் செலவு என்று காரணம் காட்டிக் கல்லூரிக்கே நேராக அனுப்பினால் விகிதம் ரொம்பக் குறைவு. மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்தாலும் பிடித்தம் குறையும். பத்து லட்சம் என்பது அனுப்புகிற ஒவ்வொருவர் பான் எண்ணுக்கும் தனித்தனி. இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எப்போதாவது பணம் வரவழைக்க வேண்டிவந்தால் அப்பா வங்கிக்குப் போவதற்கு முன் ஆடிட்டரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் போல இருந்தால், இந்த வருட மிளகு விற்ற காசில் ஒரு பகுதியை அனுப்பச் சொல்லுங்கள். பேரோல் பாடங்களுக்கு அதிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும், அவருக்கும் மகளைப் படிக்க வைத்த திருப்தி. அதற்கு மேலும் தேவை என்றால் சேலத்து லாக்கரில் உங்கள் நகை சும்மாதானே கிடக்கிறது? அம்மா பேரில் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாம். ரூபாயில் வாங்கிய கடனை டாலர் சம்பளத்தில் அடைப்பது சுலபம், அடைத்தால் நகை திரும்ப வரும். விற்ற நிலம் வராது.

எப்போது விற்கச் சொல்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த அக்கா நிலப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். ஒரு வருடம் போகட்டும். பேரோலில் இரண்டு பாடமாவது முடித்து, ஒரு வரி சீசன் தொண்டராக இருந்து, இருபது முப்பது விண்ணப்பம் ஒழுங்காகப் போட்டும் ஒன்றும் அசையவில்லை, அல்லது ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிலோ பில்லிங்கிலோ வேலைக்குச் சேர்ந்து பக்கத்திலிருந்து பார்த்து, எனக்கு இந்த வேலைதான் என்று உங்களுக்கே தோன்றியது என்றால், அப்போது அரசுக் கல்லூரியில் பயாலஜி முடித்து விண்ணப்பியுங்கள். ஓசாப், விண்ட்மில், ஆர்.ஆர்.எஸ்.பி. எல்லாம் போட்டும் துண்டு விழுந்தால், தம்பியும் சம்மதித்தால், தோட்டத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும் இரண்டு ஏக்கரும் வேண்டுமா, ஐம்பது சென்ட் போதுமா என்று பார்ப்போம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை அப்பாவுக்கு. உங்கள் பி.ஆருக்குக் கணவரின் படிப்பை மதிப்பீடு செய்திருப்பீர்கள், உங்களுடையதையும் செய்தீர்களா என்று தேடிப் பாருங்கள். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுகிற டபிள்யூ.இ.எஸ். நிறுவனம் வழியாகச் செய்திருந்தால் அதே கோப்பைக் கொஞ்சம் கட்டணத்தில் பாடவாரி மதிப்பீடாக மாற்றித் தருவார்கள், விலக்குக் கேட்கும்போது அது கையில் இருந்தால் வேலை சுலபம். செய்யவில்லை என்றால் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேராக அவர்களுக்குப் போக வேண்டும். உங்கள் கல்லூரி பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது என்றால் அப்பா கருப்பூருக்கு ஒரு நடை போய்வந்தால் என்ன என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், டிகிரிச் சான்றிதழும் நகல் எடுத்துக்கொண்டு போகட்டும். அவருக்கு ஒரு அதிகாரக் கடிதம் எழுதி அனுப்புங்கள், அதில் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே கையெழுத்தைப் போடுங்கள், கல்யாணத்துக்கு முன் போட்ட இனிஷியலா பின் போட்டதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடுங்கள்.